நிகழ்தகவுப் பரவல்களை நிரலில் கையாளுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயல்நிலை, ஈருறுப்பு, பாய்சான் ஆகிய பரவல்களின் சூத்திரங்களைப் படித்துவிட்டு, ஆர் அல்லது பைத்தான் மொழியில் அவற்றைக் கையாளத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பரவல்களின் கணிதத்தில் தடுமாறுவோரைவிட, நிரற்சார்புகளின் வழக்கத்தை அறியாமல் தடுமாறுவோரே அதிகம் என்பது என் அனுபவம். உள்ளீடு தவறாக இருந்தாலும் கணினி பிழைச்செய்தி எதையும் காட்டாமல் ஓர் எண்ணைத் தந்துவிடுவதால், அந்தத் தவறு பல நாள் கண்ணில் படாமலே கிடக்கும். சார்புகளின் பெயர்களைத் தமிழில் எழுதும்போது வாசிப்பதற்கு எளிதாக நடுவில் சிறுகோடு இட்டிருக்கிறேன். நிரலில் அந்தக் கோடு கிடையாது.

ஒரே பரவலுக்கு ஆர் மொழியில் நான்கு சார்புகள் இருக்கின்றனவே, எதை எப்போது பயன்படுத்த வேண்டும்?

ஒவ்வொரு சார்பும் ஒரு தனிக் கேள்விக்கு விடை சொல்கிறது. நம் கேள்வி எது என்பது தெளிவானால் சார்பைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பம் வராது. இயல்நிலைப் பரவலை எடுத்துக்கொள்வோம். டி-நார்ம் என்பது குறிப்பிட்ட ஒரு மதிப்பில் அடர்த்தி வளைவரையின் உயரம் என்ன என்று சொல்லும். பி-நார்ம் அந்த மதிப்பு வரைக்குமான பரப்பைச் சொல்லும். அதாவது, மாறியின் மதிப்பு அந்த எண்ணாகவோ அதற்குக் குறைவாகவோ இருப்பதற்கான நிகழ்தகவு அது. கியூ-நார்ம் இதைத் தலைகீழாகச் செய்கிறது: நிகழ்தகவை நாம் கொடுத்தால், எந்த மதிப்பு வரைக்கும் அந்த அளவு பரப்பு அடங்கும் என்று சொல்லும். ஆர்-நார்ம் அந்தப் பரவலிலிருந்து சமவாய்ப்பு எண்களை எடுத்துத் தரும்.

சராசரி 0, திட்டவிலக்கம் 1 என்று கொண்டால், 0-இல் டி-நார்மின் மதிப்பு 0.3989, 1.96-இல் பி-நார்மின் மதிப்பு 0.975, அதே 0.975-ஐக் கியூ-நார்மிடம் கொடுத்தால் 1.959964 என்று திரும்பி வருகிறது. முன்னெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு பின்பகுதியில் பினாம், பாய்ஸ், எக்ஸ்ப், காமா, பீட்டா என்று மாற்றினால் மற்றப் பரவல்களும் அப்படியே கைக்கு வந்துவிடும். பைத்தானின் சைபை தொகுப்பிலும் இதே நான்கு உண்டு. அங்கே அவற்றின் பெயர்கள் முறையே பிடிஎஃப், சிடிஎஃப், பிபிஎஃப், ஆர்விஎஸ் என்பவை. 0, 1, 2 என எண்ணிக்கையாக வரும் தனித்த மாறிகளுக்கு மட்டும் பிடிஎஃப் என்பதற்குப் பதிலாகப் பிஎம்எஃப் என்று எழுத வேண்டும்.

அடர்த்திச் சார்பு 1-ஐ விடப் பெரிய எண்ணைத் தருகிறது. நிகழ்தகவு 1-ஐத் தாண்டுமா?

தாண்டாது; ஆனால் அடர்த்தி நிகழ்தகவு அன்று. சராசரி 0, திட்டவிலக்கம் 0.1 என்று கொடுத்து 0-இல் டி-நார்மைக் கேட்டால் 3.989 என்று வரும், அது சரியான விடைதான். வளைவரையின் அடியில் உள்ள மொத்தப் பரப்புதான் 1 ஆக இருக்க வேண்டும். அகலம் குறுகினால் உயரம் கூடியே ஆக வேண்டும். இதே வளைவரையில் −0.01 முதல் 0.01 வரை உள்ள நிகழ்தகவு வேண்டுமென்றால், பி-நார்மை இரு முனைகளிலும் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும், விடை 0.0797. உயரமாகிய 3.989-ஐ அகலமாகிய 0.02-ஆல் பெருக்கினாலும் ஏறக்குறைய அதே எண் வருவதைக் காணலாம். அடர்த்திக்கு அளவலகு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது: மீட்டரில் உள்ள தரவைச் சென்டிமீட்டருக்கு மாற்றினால் அடர்த்தி நூறில் ஒரு பங்காகக் குறையும், நிகழ்தகவு எதுவும் மாறாது.

‘குறைந்தது 8’ என்று கணக்கிட்டேன். கையால் போட்ட கணக்கோடு ஒத்துவரவில்லை. ஏன்?

தனித்த மாறிகளில் எல்லைப்புள்ளிக்கும் எடை உண்டு என்பதே காரணம். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டும்போது குறைந்தது 8 தலைகள் விழுவதற்கான நிகழ்தகவைக் கையால் கணக்கிட்டால், 45, 10, 1 ஆகியவற்றைக் கூட்டி 1024-ஆல் வகுக்க வேண்டும், 0.0547 வரும். பி-பினாம் சார்பில் 8 என்று கொடுத்து மேல்வாலைக் கேட்டால் 0.0107 என்று வருகிறது, ஏனெனில் அந்தச் சார்பு ‘8-க்கு மேல்’ என்பதற்கு, அதாவது 9, 10 ஆகியவற்றுக்கு மட்டும் விடை சொல்கிறது. ‘குறைந்தது 8’ வேண்டுமென்றால் 7-ஐக் கொடுத்து மேல்வாலைக் கேட்க வேண்டும். விடை ஐந்து மடங்கு மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு கருதுகோள் சோதனையில் 0.05 என்ற எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதையே இந்த ஓர் எண் தீர்மானித்துவிடும். தொடர் மாறிகளில் ஒற்றைப் புள்ளியின் நிகழ்தகவு சுழியம் என்பதால் இந்தக் கவலை இல்லை.

ஒரே பரவல், ஒரே எண். ஆனால் ஆர் ஒரு விடையும் பைத்தான் வேறு விடையும் தருகின்றன. எது சரி?

இரண்டும் சரி. பரவலை வரையறுக்கும் எண்களைப் பண்பளவைகள் என்பார்கள்; இரண்டும் வேறு வேறு பண்பளவைகளை எதிர்பார்க்கின்றன, அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

படிக்குறிப் பரவலைப் பாருங்கள். ஆர் மொழியின் ஆர்-எக்ஸ்ப் சார்புக்கு 5 என்று கொடுத்தால் அது வீதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். வரும் எண்களின் சராசரி ஐந்தில் ஒன்று, அதாவது 0.2. பைத்தானில் நம்பை தொகுப்பின் எக்ஸ்பொனென்ஷியல் சார்புக்கு அதே 5-ஐக் கொடுத்தால் அது அளவுப் பண்பளவை, எனவே சராசரி 5. சைபை தொகுப்பின் எக்ஸ்பான் பரவலுக்கு 5 என்று மட்டும் கொடுத்தால் அது இடப்பெயர்வு; எல்லா எண்களும் 5-க்கு மேல் விழும், சராசரி 6 ஆகிவிடும். ஒரே எண்ணுக்கு 0.2, 5, 6 என மூன்று சராசரிகள் கிடைக்கின்றன. ஓரிடத்திலும் பிழைச்செய்தி வராது.

காத்திருப்பு நேரங்களைப் பற்றிய ஒரு பாவனைக் கணக்கை, அதாவது சமவாய்ப்பு எண்களால் நிகழ்வுகளை நடத்திப் பார்க்கும் நிரலை, நான் ஆர் மொழியிலிருந்து பைத்தானுக்கு மாற்றி எழுதியபோது இதே தவறைச் செய்தேன். வரிசையின் நீளம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பெருகியது. வரிசையின் தர்க்கத்தில்தான் பிழை இருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் அதையே தேடினேன். கடைசியில், எடுத்த சமவாய்ப்பு எண்களின் சராசரியைத் தனியே அச்சிட்டுப் பார்த்த மறுநொடியே காரணம் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து புதிதாக ஒரு பரவலைத் தொடும்போதெல்லாம் ஒரு லட்சம் எண்களை எடுத்து, அவற்றின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் சூத்திரத்தோடு ஒப்பிடாமல் நான் அடுத்த வரியை எழுதுவதில்லை.

இதே வகைக் குழிகள் வேறு பரவல்களிலும் உண்டு. காமாப் பரவலில், வடிவப் பண்பளவைக்கு அடுத்து வரும் எண்ணை ஆர் மொழி வீதமாக எடுத்துக்கொள்ளும், சைபை இடப்பெயர்வாக எடுத்துக்கொள்ளும். பெருக்குப் பரவலில் ஆர் மொழி முதல் வெற்றிக்கு முந்தைய தோல்விகளை 0-இலிருந்து எண்ணுகிறது. நம்பையும் சைபையும் வெற்றி கிடைத்த முயற்சியையும் சேர்த்து 1-இலிருந்து எண்ணுகின்றன. வெற்றியின் நிகழ்தகவு 0.2 என்றால் ஓரிடத்தில் சராசரி 4, மற்றோரிடத்தில் 5. இயல்நிலைப் பரவலில் பாடநூல்கள் பெரும்பாலும் திட்டவிலக்கத்தின் வர்க்கமாகிய பரவற்படியை எழுதுகின்றன. ஆர், நம்பை, சைபை ஆகியவையும், பேயீசிய மாதிரிகளை எழுத உதவும் ஸ்டான் மொழியும் திட்டவிலக்கத்தைக் கேட்கின்றன. அதே பணிக்கான பக்ஸ், ஜாக்ஸ் ஆகியவையோ பரவற்படியின் தலைகீழியான துல்லியத்தைக் கேட்கின்றன. ஜாக்ஸுக்காக எழுதிய ஒரு மாதிரியை ஸ்டானுக்கு வரிக்கு வரி மாற்றுபவர் 0.001 என்ற எண்ணை அப்படியே விட்டுவிட்டால், மிகத் தளர்வாக இருந்த முன்னனுமானம் (தரவைப் பார்க்கும் முன் நாம் கொள்ளும் பரவல்) மிக இறுக்கமான ஒன்றாக மாறிப்போகும்.

மடக்கை இயல்நிலைப் பரவலைத் தனியே சொல்ல வேண்டும். சராசரி 100, திட்டவிலக்கம் 15 உள்ள எண்கள் தேவை என்று நினைத்து, ஆர் மொழியின் ஆர்-எல்நார்ம் சார்புக்கு 100, 15 என்று கொடுப்பவர்கள் பலர். அந்தச் சார்பு கேட்பது மடக்கை எடுத்த பிறகு உள்ள சராசரியையும் திட்டவிலக்கத்தையும்தான். 100 என்று கொடுத்தால் பரவலின் இடைநிலை அளவே 10⁴³-ஐத் தாண்டிவிடும். சரியான வழி இது: திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து வர்க்கப்படுத்தி, 1-ஐக் கூட்டி, இயல் மடக்கை எடுத்தால் மடக்கை அளவில் உள்ள பரவற்படி கிடைக்கும். சராசரியின் மடக்கையிலிருந்து அந்தப் பரவற்படியில் பாதியைக் கழித்தால் மடக்கை அளவில் உள்ள சராசரி கிடைக்கும். மேற்கண்ட எண்களுக்கு அவை ஏறத்தாழ 4.594, திட்டவிலக்கமாக 0.149.

உள்ளீடுகளை வரிசைப்படி மட்டும் கொடுக்காமல் பெயர் குறிப்பிட்டுக் கொடுத்தால் இந்தத் தவறுகளில் பெரும்பாலானவை நிகழவே நிகழா. வீதம் என்றால் ரேட் என்றும், அளவு என்றால் ஸ்கேல் என்றும் எழுதுவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடிகூட இல்லை.

மிகச் சிறிய நிகழ்தகவைக் கேட்டால் சுழியம் என்று வருகிறது. உண்மையிலேயே சுழியமா?

இல்லை. இயல்நிலைப் பரவலில் 10 திட்டவிலக்கங்களுக்கு மேல் இருப்பதற்கான நிகழ்தகவு சுமார் 7.62 × 10⁻²⁴. ஆனால் 1-இலிருந்து பி-நார்மைக் கழித்துப் பார்த்தால் கணினி 0 என்று சொல்லும். கணினி எண்களைச் சேமிக்கும் முறையில், 1-க்குச் சற்றுக் கீழே உள்ள எண்களுக்கிடையே ஏறத்தாழ 1.1 × 10⁻¹⁶ இடைவெளி இருக்கிறது. அதற்கும் நுண்ணிய வேறுபாட்டை அங்கே எழுத முடியாது. எனவே 8.5 திட்டவிலக்கங்களுக்கு வந்ததுமே பி-நார்மின் மதிப்பு 1 என்று முழுமையாகிவிடுகிறது, கழிப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆனால் சுழியத்துக்கு அருகில் கணினியால் மிக நுண்ணிய எண்களையும் எழுத முடியும். ஆகவே, கழித்தலை நாம் செய்யாமல் மேல்வாலை நேரடியாகக் கேட்பதே முறை: ஆர் மொழியில் லோயர்-டெயில் என்ற உள்ளீட்டுக்குப் பொய் என்ற மதிப்பைக் கொடுக்கலாம், சைபையில் எஸ்எஃப் என்ற சார்பு இதற்காகவே இருக்கிறது. ஆயிரக்கணக்கான சோதனைகளை ஒரே நேரத்தில் செய்து மிகச் சிறிய நிகழ்தகவுகளை வரிசைப்படுத்த வேண்டிய மரபணு ஆய்வு போன்ற துறைகளில் இது வெறும் நுணுக்கம் அன்று. எல்லாம் சுழியம் என்று வந்துவிட்டால் எது முதலில், எது பிறகு என்ற வரிசையே இல்லாமற்போகும்.

அடர்த்திகளைப் பெருக்காமல் மடக்கைகளைக் கூட்டச் சொல்வது ஏன்?

தரவுக்கு மிக நன்றாகப் பொருந்தும் பண்பளவையைத் தேடும் மீப்பெரு வாய்ப்பு முறையில் எல்லாத் தரவுப்புள்ளிகளின் அடர்த்திகளையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் அடர்த்தியும் 0.2 என்றே வைத்துக்கொண்டாலும், 1000 புள்ளிகளின் பெருக்கற்பலன் 10⁻⁶⁹⁹ அளவுக்கு இறங்கிவிடும். வழக்கமான இரட்டைத் துல்லிய எண்ணாகக் கணினி எழுதக்கூடிய மிகச் சிறிய நேர்ம எண் சுமார் 4.9 × 10⁻³²⁴ மட்டுமே. அதற்குக் கீழே போனது சுழியமாகிவிடும். பிறகு எந்தப் பண்பளவையைக் கொடுத்தாலும் சுழியமே வருவதால், உச்சத்தைத் தேடும் வழிமுறைக்கு எந்தப் பக்கம் நகர்வது என்றே தெரியாது. மடக்கையில் அதே கணக்கு −1609 என்ற சாதாரண எண்ணாக நிற்கிறது.

இதிலும் ஒரு கவனம் தேவை. முதலில் அடர்த்தியைக் கணக்கிட்டு அதன்பிறகு மடக்கை எடுத்தால் பயன் இல்லை. 40-இல் டி-நார்ம் ஏற்கெனவே சுழியமாகியிருக்கும், சுழியத்தின் மடக்கை எதிர்ம முடிவிலி. டி-நார்மின் லாக் என்ற உள்ளீட்டை மெய் என்று வைத்தால் −800.92 என்ற சரியான விடை வருகிறது. சைபையில் லாக்-பிடிஎஃப் இதற்குரிய சார்பு.

விதை எண் கொடுத்தும் முடிவு மாறுகிறது. எங்கே தவறுகிறேன்?

சமவாய்ப்பு எண் தொடர் எங்கே தொடங்க வேண்டும் என்று நாம் கொடுக்கும் விதை எண், ஒரே தொடரை மீண்டும் பெற உதவும், ஆனால் அதே தொகுப்பு, அதே பதிப்பு, அதே அழைப்பு வரிசை ஆகிய மூன்றும் மாறாதிருந்தால் மட்டுமே. 2019-இல் வெளிவந்த ஆர் 3.6.0 பதிப்பில் ஸாம்பிள் சார்பு எண்களைத் தேர்ந்தெடுக்கும் முறை மாற்றப்பட்டது; அதற்கு முந்தைய முறையில் மிகப் பெரிய தொகுதிகளிலிருந்து எடுக்கும்போது தெரிவுகள் முழுச் சமவாய்ப்பாக இல்லை என்பதே காரணம். ஆகவே பழைய நிரலைப் புதிய பதிப்பில் ஓட்டினால், விதை எண் ஒன்றாக இருந்தாலும் ஸாம்பிள் தரும் வரிசை வேறாக இருக்கும். அதே 2019-இல் நம்பை 1.17 பதிப்பு, ஜெனரேட்டர் என்ற புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. பழைய அமைப்பு மெர்சென் ட்விஸ்டரையும், புதியது இயல்பாகப் பிசிஜி-64 என்ற உருவாக்கியையும் பயன்படுத்துகின்றன.

மறுசெய்கைக்குள்ளே விதை எண்ணை வைப்பது இன்னொரு பரவலான பிழை. ஆயிரம் முறை ஓடும் பாவனைக் கணக்கில் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அதே விதையை ஊன்றினால், ஆயிரம் முறையும் ஒரே எண்கள்தாம் வரும். சராசரியின் பிழையளவு சுழியமாகத் தெரியும், நாமும் கணக்கு மிகத் துல்லியம் என்று மகிழ்ந்துகொள்வோம். விதையை நிரலின் தலைப்பகுதியில் ஒரே ஒரு முறை ஊன்றினால் போதும்.

பல செயலிக் கருக்களில் இணையாக ஓட்டும்போது, ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி ஓட்டம் கிடைக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். ஒரே நிலையை நகலெடுத்துக்கொண்டு கிளைகள் பிரிந்தால் எல்லாம் ஒரே எண்களைத் தரும். நம்பையில் சீட்-சீக்வன்ஸ் என்பதன் ஸ்பான் வசதியும், ஆர் மொழியில் லெகூயே உருவாக்கியும் இதற்கென்றே உள்ளவை.

பிடித்த முடிவு வரும்வரை விதை எண்ணை மாற்றிக்கொண்டே போவது ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாத செயல். ஒரு முடிவு விதை எண்ணைப் பொறுத்து மாறுகிறது என்றால், மாறுகிறது என்பதையே அறிக்கையில் எழுத வேண்டும்.

கணினி எப்படிச் சமவாய்ப்பு எண்களை உருவாக்குகிறது? அவற்றை நம்பலாமா?

முதலில் 0-க்கும் 1-க்கும் இடையே சீராகப் பரவிய எண்களை ஒரு கணித விதி உருவாக்குகிறது. பிறகு அவை வேண்டிய பரவலுக்கு மாற்றப்படுகின்றன. மிக எளிய மாற்றுமுறை, சீரான எண்ணைக் கியூ வகைச் சார்புக்குள் செலுத்துவது. படிக்குறிப் பரவலுக்குச் சீரான எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, குறியை மாற்றி, வீதத்தால் வகுத்தாலே போதும். இயல்நிலைப் பரவலுக்கு 1958-இல் பாக்ஸும் முல்லரும் தந்த முறை புகழ்பெற்றது. ஆர் மொழி இயல்பாகக் கியூ வகைத் தலைகீழ் முறையையும், நம்பையின் புதிய அமைப்பு ஸிகுராட் முறையையும் கையாளுகின்றன.

நம்பலாமா என்ற கேள்விக்கு வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1960-களில் ஐபிஎம் கணினிகளில் பரவலாகப் பயன்பட்ட ராண்டு என்ற உருவாக்கி, முந்தைய எண்ணை 65539-ஆல் பெருக்கி 2³¹-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டது. தனித்தனியே பார்த்தால் அந்த எண்கள் சீராகவே இருந்தன. ஆனால் 65539 என்பது 2¹⁶-உடன் 3-ஐக் கூட்டிய எண் என்பதால், ஒவ்வோர் எண்ணும் அதற்கு முந்தைய எண்ணின் 6 மடங்கிலிருந்து அதற்கும் முந்தையதன் 9 மடங்கைக் கழித்ததாக, 2³¹-இன் மீதிக் கணக்கில் அமைந்துவிட்டது. மூன்று மூன்று எண்களாக எடுத்து முப்பரிமாணத்தில் புள்ளி வைத்தால், கனசதுரம் முழுக்கப் பரவ வேண்டிய புள்ளிகள் எல்லாம் 15 தளங்களில் மட்டுமே படிந்திருக்கும். இத்தகைய உருவாக்கிகள் அனைத்திலும் புள்ளிகள் தளங்களில்தாம் விழும் என்று 1968-இல் ஜார்ஜ் மர்சாலியா காட்டினார். ஆர் மொழியிலேயே ராண்டு என்ற பெயரில் அந்த எண்களின் தரவுத்தொகுதி இணைக்கப்பட்டிருக்கிறது. முப்பரிமாண வரைபடத்தை மெல்லச் சுழற்றிப் பாருங்கள், ஒரு கோணத்தில் புள்ளிகள் சட்டென்று கோடுகளாக அணிவகுத்து நிற்கும்.

மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1998-இல் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டரின் சுழற்சி நீளம் 2¹⁹⁹³⁷ − 1. புள்ளியியல் பாவனைகளுக்கு அது போதுமானது. கடவுச்சொல், மறையாக்கம் போன்றவற்றுக்கு அது ஏற்றதன்று; போதுமான எண்களைப் பார்த்தவரால் அடுத்த எண்ணைக் கணித்துவிட முடியும்.

என் தரவுக்கு எந்தப் பரவல் பொருந்தும் என்று எப்படி முடிவெடுப்பது?

தரவு எப்படி உண்டாயிற்று என்று முதலில் கேளுங்கள். வரைபடத்தின் வடிவத்தைப் பிறகு பாருங்கள். நிலையான எண்ணிக்கை முயற்சிகளில் வெற்றிகளை எண்ணினால் ஈருறுப்பு, ஒரு கால அளவில் அரிதாக நிகழ்வனவற்றை எண்ணினால் பாய்சான், இரு நிகழ்வுகளுக்கிடையே உள்ள காத்திருப்பை அளந்தால் படிக்குறி அல்லது காமா என்று தொடங்குவது இயற்கையான வழி.

1898-இல் போர்ட்கியேவிச் வெளியிட்ட ஒரு பட்டியல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கையை, 10 படைப்பிரிவுகளுக்கு 20 ஆண்டுகள் என 200 பதிவுகளாக அவர் தொகுத்தார். 109 பதிவுகளில் ஒருவரும் இறக்கவில்லை. 65-இல் ஒருவர், 22-இல் இருவர், 3-இல் மூவர், 1-இல் நால்வர். மொத்தம் 122 இறப்புகள், எனவே சராசரி 0.61. இந்தச் சராசரியை டி-பாய்ஸ் சார்பில் கொடுத்து, 0 முதல் 4 வரை உள்ள நிகழ்தகவுகளை 200-ஆல் பெருக்கினால் 108.7, 66.3, 20.2, 4.1, 0.6 என்று வருகின்றன. உண்மையில் கிடைத்த எண்களுக்குப் பக்கத்தில் இவற்றை எழுதிப் பாருங்கள். ஒரே ஒரு பண்பளவை ஐந்து எண்களையும் இவ்வளவு நெருக்கமாகத் தருவதை முதன்முதலில் திரையில் பார்த்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்றும் குறையவில்லை.

பாய்சான் பரவலில் சராசரியும் பரவற்படியும் சமம் என்பதால், இன்னும் விரைவான ஒரு சோதனையும் உண்டு. மேற்கண்ட பட்டியலின் பரவற்படி 0.611; சராசரி 0.61. நடைமுறைத் தரவுகள் இப்படி அமைவது அரிது. பெரும்பாலும் பரவற்படி சராசரியைவிட மிகப் பெரிதாக இருக்கும், ஏனெனில் எல்லா அலகுகளுக்கும் ஒரே வீதம் இருப்பதில்லை. அப்போது எதிர்ம ஈருறுப்புப் பரவலை நாட வேண்டும். ஆர் மொழியில் அதற்குச் சராசரியை மியூ என்ற உள்ளீட்டாலும், சிதறலை சைஸ் என்ற உள்ளீட்டாலும் கொடுக்கலாம். சராசரியின் வர்க்கத்தைச் சைஸால் வகுத்துச் சராசரியோடு கூட்டினால் பரவற்படி வரும். இந்தச் சோதனையைச் செய்யாமல் பாய்சானையே பயன்படுத்தினால், நம்பக இடைவெளிகள் உண்மையைவிடக் குறுகலாக வந்து, இல்லாத உறுதியை நமக்குக் காட்டும்.

இயல்நிலைச் சோதனையின் முடிவை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா?

ஏற்க வேண்டாம். தரவு சிறியதாக இருந்தால் பெரிய விலகலையும் அந்தச் சோதனைகள் தவறவிடும். மிகப் பெரியதாக இருந்தால் ஒரு பொருட்டே அல்லாத விலகலையும் பிடித்துக்கொண்டு நிராகரிக்கும். ஆர் மொழியின் ஷபிரோ–வில்க் சார்பு 3 முதல் 5000 வரையிலான புள்ளிகளையே ஏற்கும். கோல்மோகரோவ்–ஸ்மிர்னோவ் சோதனையில் இன்னொரு சிக்கல் உண்டு: சராசரியையும் திட்டவிலக்கத்தையும் அதே தரவிலிருந்து மதிப்பிட்டு உள்ளே கொடுத்தால், அது தரும் நிகழ்தகவு செல்லாது, பொருத்தம் இருப்பதாக அளவுக்கு மீறிச் சொல்லும். 1967-இல் லில்லிஃபோர்ஸ் தந்த திருத்தம் இதற்காகத்தான். நான் முதலில் பார்ப்பது, வரிசைப்படுத்திய தரவைச் செங்குத்து அச்சிலும் இயல்நிலைப் பரவலில் எதிர்பார்க்கும் மதிப்புகளைக் கிடை அச்சிலும் வைத்து வரையும் கியூ-கியூ வரைபடத்தை. புள்ளிகள் நேர்கோட்டை எந்த இடத்தில், எந்தப் பக்கம் விட்டு விலகுகின்றன என்று அது காட்டும். இடமுனை கோட்டுக்குக் கீழேயும் வலமுனை மேலேயும் விலகினால் வால் தடிமனானது என்றும், முழுவதும் வில்லாக வளைந்தால் தரவு ஒருபக்கம் சாய்ந்தது என்றும் கண்ணாலேயே அறியலாம்.

சைபையின் ஃபிட் சார்பு விசித்திரமான பண்பளவைகளைத் தருகிறதே?

அது இடப்பெயர்வையும் சேர்த்து மதிப்பிடுகிறது. காமா, மடக்கை இயல்நிலை போன்றவற்றுக்கு இடப்பெயர்வு சுழியம் என்று நமக்குத் தெரிந்திருந்தால், எஃப்-லோக் என்ற உள்ளீட்டுக்கு 0 கொடுத்து அதை நிலைநிறுத்த வேண்டும்.

குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும் இயல்நிலை எண்கள் தேவை. எல்லையைத் தாண்டியவற்றை எல்லைக்கே இழுத்துவிடலாமா?

கூடாது, அப்படிச் செய்தால் இரு முனைகளிலும் எண்கள் குவிந்து வேறொரு பரவலே உண்டாகிவிடும். தாண்டியவற்றை விலக்கிவிட்டு மறுபடி எடுப்பது ஒரு வழி. அதைவிடச் சீரான வழி, கீழெல்லையிலும் மேலெல்லையிலும் பி-நார்மைக் கணக்கிட்டு, அந்த இரு நிகழ்தகவுகளுக்கிடையே ஒரு சீரான எண்ணை எடுத்து, அதைக் கியூ-நார்முக்குள் செலுத்துவது. சைபையின் ட்ரங்க்-நார்ம் பரவலைப் பயன்படுத்துவோர், எல்லைகளைத் தரவின் அலகில் கொடுக்காமல், சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால் வகுத்துக் கொடுக்க வேண்டும். சராசரி 50, திட்டவிலக்கம் 10, எல்லைகள் 30, 80 என்றால் கொடுக்க வேண்டியவை −2, 3.

பாவனைக் கணக்கை எத்தனை முறை ஓட்டினால் போதும்?

எவ்வளவு துல்லியம் தேவை என்பதைப் பொறுத்தது. ஒரு நிகழ்வின் நிகழ்தகவை மதிப்பிடும்போது, நிகழ்தகவையும் 1-இலிருந்து அதைக் கழித்த எண்ணையும் பெருக்கி, ஓட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் திட்டப்பிழை கிடைக்கும். நிகழ்தகவு 0.05 என்றால், 1000 ஓட்டங்களில் திட்டப்பிழை 0.0069, 10,000-இல் 0.0022, 1,00,000-இல் 0.0007. ஒரு தசம இடம் கூடுதலாக உறுதியாவதற்கு நூறு மடங்கு உழைப்பு வேண்டும். ஆயிரம் ஓட்டங்களை மட்டும் செய்துவிட்டு 0.0483 என்று நான்கு இலக்கங்களை அச்சிடுபவர், கடைசி இரண்டு இலக்கங்களைத் தம்மிடம் இல்லாத அறிவிலிருந்து எழுதுகிறார். திட்டப்பிழையையும் பக்கத்தில் எழுதும் பழக்கம் வர வேண்டும்.

ஓட்டங்களைக் கூட்டுவதால் பயனே கிடைக்காத பரவல்களும் இருக்கின்றன. கோஷிப் பரவலுக்குச் சராசரி என்பதே வரையறுக்கப்படவில்லை. அதிலிருந்து எடுத்த பத்து லட்சம் எண்களின் சராசரிக்கு உள்ள பரவலும் ஒற்றை எண்ணுக்கு உள்ள பரவலும் ஒன்றே. ஆர்-கோஷி சார்பால் எண்களை எடுத்து, சேரச்சேர மாறும் சராசரியை வரைபடமாக்கினால், அமைதியாகத் தணிந்துவருவதுபோல் தோன்றி, திடீரென ஓர் எண்ணால் தூக்கியெறியப்பட்டு வேறோர் உயரத்தில் போய் நிற்கும். இடைநிலை அளவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எண்கள் பெருகப் பெருக அது நடுப்புள்ளியை நெருங்குகிறது. எனவே வால் மிகத் தடித்த பரவலோடு வேலை செய்யும்போது, சராசரிக்குப் பதிலாக இடைநிலை அளவையும் கால்மானம் போன்ற மற்றக் குவாண்டைல்களையும் கணக்கிட்டு அறிக்கையில் தர வேண்டும்.